கம்ப்யூட்டரில் போட்ட கோல்டு

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் வேலை. திரையிலேயே எழுத்துக்கு கோல்டு ஃபாயில் ஒட்டியதுபோன்ற தங்கப் பளபளப்பு கொண்டுவருவதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மேடவாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, தன் தங்கை கல்யாணத்துக்கு மாதிரி கேட்டார். என் பெயரையும், வீட்டுக்கு இன்னும் தெரியாத என் காதலன் பிரபுவின் பெயரையும் சும்மா போட்டுப் பார்த்தவள், மாற்ற மறந்து அனுப்பிவிட்டேன். அவர் அதை நிஜக் கார்டு என்றே நம்பி, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வாழ்த்தியும்விட்டார்.

அம்மா போனை நீட்டினாள். “கார்டே அடிச்சாச்சா?”

“இல்லம்மா, கம்ப்யூட்டர்ல போட்ட கோல்டு.”

“பையனும் கம்ப்யூட்டர்ல போட்டதா?”

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு.”

கல்யாணம் நிச்சயமாகி, எங்கள் நிஜக் கார்டு அச்சாகி வந்ததும் அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வாட்ஸ்அப்ல வந்தது இன்னும் மின்னுச்சுடி.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.