கீழிருந்து தெரிந்த படகு

அண்ணன் நீரில் முழுகப் போட்ட முகக்கண்ணாடியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் படகின் தரையில் உட்கார்ந்து நடுங்கிய காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தமானில், உச்சி வெயிலில், உடம்பெல்லாம் நீர் சொட்ட அவன் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். பழவேற்காட்டுக் கடலில் எத்தனையோ புயலைப் பார்த்தவன் அவன். அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை.

நான் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் கூட்டமாக ஸ்கூபா டைவிங் போகத் திட்டமிட்டார்கள். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்றதும் அண்ணனைக் கூப்பிட்டேன். "காலம் பூரா தண்ணிலதான கெடக்கறேன், அங்க வேற போய் முழுகணுமா?" என்று சிரித்தான். ஆனாலும் வந்தான். விமானத்தில் ஜன்னலை விட்டு அவன் முகம் திரும்பவே இல்லை.

முதல் நாள் பயிற்சியாளர் ஒவ்வொருவராகக் கீழே கூட்டிப் போனார். அண்ணன்தான் எல்லோரையும்விடத் தைரியமாக இறங்கினான். கொஞ்ச நேரத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தான். கைகால்களை உதறியபடி இருந்த அவனைப் பயிற்சியாளர் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தார். காற்று வரவில்லையோ என்று எல்லோரும் பதறினோம். கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

"இன்னா ஆச்சுண்ணா?"

 என்னை மட்டும் பார்த்துச் சொன்னான். "கீழேர்ந்து அண்ணாந்து பாத்தா படகு தெரியுது பாப்பா."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் நினைவு வந்தது.

நான் பள்ளியில் படித்தபோது ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நைனாவும் அண்ணனும் போன எங்கள் படகு கவிழ்ந்தது. நைனா வலையில் சிக்கி உள்ளே போய்விட்டார். மழை பெய்து தண்ணீர் சேறாக இருந்தது. அண்ணன் திரும்பத் திரும்ப முழுகித் துழாவியிருக்கிறான். மூச்சு முட்டியதும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, நைனா, நைனா என்று கத்தியிருக்கிறான். நைனாவின் உடல் பிறகு பக்கத்துக் குப்பத்தில் கரை ஒதுங்கியது. உள்ளே ஒரே இருட்டாக இருந்திருக்கும், சட்டென்று மயக்கம் வந்திருக்கும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பித்தான் அம்மா தூங்கினாள். நாங்களும்தான்.

"இருட்டுனு சொன்னாங்களே. வெளிச்சம் தெரியுது. படகு கறுப்பா தெரியுது. அப்போ நைனா என்னைப் பாத்துக்கினே இருந்திருப்பாரு இல்ல?"

அது சேற்றுத் தண்ணீர் அண்ணா, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அன்று முழுதும் அவன் ஒரு வாய் சோறு தின்னவில்லை. எனக்கும் இறங்கவில்லை. இத்தனை வருடமாக நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று அந்த நீலத் தண்ணீரில் கரைந்து போயிருந்தது.

மறுநாள் அவன் வரமாட்டான் என்றே நினைத்தேன். எனக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்திருந்தான். "நீ எறங்கு. நான் மேலேர்ந்து பாக்கறேன்" என்றான்.

பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக்கொள்ள, இறங்கினேன். சுற்றிலும் வரிவரியாக மீன்கள் போயின. நான் அவற்றைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். படகின் அடிப்பாகம் கறுப்பாக அசைந்தது. அதன் விளிம்பில் அண்ணனின் தலை. கையை ஆட்டினேன். அவன் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், எழுந்து மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தான். நான் அவனுக்கு நேர் கீழேதான் இருந்தேன்.

மேலே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "எங்கடி போன? வெறும் தண்ணிதான் மினுமினுன்னு தெரிஞ்சிது. உன்னக் காணோமே!"

"உனக்கு நேர் கீழதாண்ணா இருந்தேன்."

"நான் தெரிஞ்சனா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தெரிஞ்சண்ணா. நீ தேடறது நல்லா தெரிஞ்சிது."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நைனாவைப் புதைத்த அன்றுகூட அழாதவன், என் அலுவலகத்தார் அத்தனை பேருக்கும் நடுவில் வாய்விட்டு அழுதான்.