பாகூர் ஏரிக்கரையில் இருமிய வண்டி

போட்டி தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்கள் மோட்டார் சைக்கிள் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆனது. ஏரிக்கரை மேல் ஒரு தரம் ஏறி இறங்கியது. அப்புறம் கிழவன் மாதிரி இருமிவிட்டு நின்றது. சின்னையா கிக்கரை உதைத்தார், உதைத்தார், வேட்டி அவிழ்கிற வரைக்கும் உதைத்தார். வண்டி வாயைத் திறக்கவில்லை.

சின்னையா என்றால் எங்கள் ஊர் கரும்புப் பண்ணைக்காரரின் ஒரே பிள்ளை. வண்டி அவருடையது. அதைக் கழற்றிப் பூட்டுகிற வேலை எங்களுடையது. நாங்கள் குடியிருந்து வண்டி வேலை பார்த்த கொட்டாய் அவர்கள் பண்ணை இடத்தில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆலை எஞ்சின் பார்க்கிறவர். போட்டிக்கு முந்தின மாதம் இதே வண்டியை, நெருப்பு விழும் நேரத்தைத் தள்ளிப்போடுகிற மேக்னட்டு நெம்பைப் பின்னால் தள்ளாமல் உதைத்தார். கிக்கர் திருப்பி உதைத்தது. மணிக்கட்டு போச்சு. அதிலிருந்து மூங்கில் பத்தை வைத்த கட்டோடு அவர் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். கொஞ்ச நாளில் அவர் சொல்வதற்குள் நான் செய்துவிடுவேன். அதில் அவருக்கு எரிச்சல்.

போட்டி என்ன போட்டி என்று கேட்பீர்கள். ரோடு போடுகிற இலாகாவின் பிரெஞ்சு வெள்ளைக்கார துரை வைத்தது. வேகம் கணக்கில்லை. ஏரிச் சேற்றில் இறங்கி, கருங்கல் சரளையில் ஏறி, கரை மேல் போக வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் குற்றம். நடுவில், கரைக்குக் கீழே எஞ்சினை அணைத்து நிற்க வேண்டும், அங்கே மட்டும் கால் ஊன்றலாம். கொடி விழுந்ததும் ஸ்டார்ட் செய்து செங்குத்தாக ஏற வேண்டும். அங்கே ஸ்டார்ட் ஆகாதவன் வீட்டுக்குப் போகலாம். இதற்காகத்தான் வண்டியின் மட்கார்டைத் தூக்கிக் கட்டி, புகைக்குழாயைச் சேறு படாமல் மேலே வளைத்திருந்தோம். ஒரு மாதமாக வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை.

பெரியம்மா, அதாவது சின்னையாவின் தாயார், வில்வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையில் சின்னையாவின் அப்பா பெரியவர் தலையாட்டுவார், முடிவு பெரியம்மா எடுப்பார்.

"இன்னாடி தனம், மாசம் முச்சூடும் வண்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டீங்களே, இதுக்குத்தானா? இன்னிக்கு எம் புள்ள ஊரு சிரிக்க நின்னான்னா, நாளைக்கே அந்தக் கொட்டாயப் பிரிச்சுட்டு மாடு கட்டிடுவேன்."

"மாடுன்னா எத்தினி மாடும்மா?" என்றேன்.

"எதுக்குடி?"

"எங்க ரெண்டு பேருக்கும் எடம் இருக்குமான்னு பாக்கத்தான்."

பெரியம்மா சிரிக்கவில்லை. சொன்னால் செய்கிறவர். மாட்டுக் கணக்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

நெருப்பா, தண்ணியா?

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ரெண்டே கேள்வி. நெருப்பு வருகிறதா, பெட்ரோல் வருகிறதா. பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டர் தலைமேல் சாய்த்து வைத்தேன். சின்னையாவை உதைக்கச் சொன்னேன். நீல நெருப்பு பட்டென்று பறந்தது. நெருப்புக்குக் குறையில்லை. ஆனால் பிளக் மூக்கு பெட்ரோல் ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது.

கார்பரேட்டர் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அமுக்கினால் பெட்ரோல் பொங்கி விரலில் வழிய வேண்டும். அமுக்கினேன். ஒரு சொட்டு இல்லை.

"டேங்க்ல பெட்ரோல் இல்ல போல கீது," என்றார் சின்னையா.

"காலையில நாந்தான் கழுத்து மட்டும் ஊத்தினேன், சின்னையா."

"பாரேன்," என்றார் அவர். மூடியைத் திருகித் திறந்தேன். உஸ் என்று ஒரு சத்தம். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. சும்மா குமிழை அமுக்கினேன். இப்போது பொங்கி வழிந்தது. மூடியைப் போட்டு உதைத்தார். ஒரே உதை, வண்டி பிடித்துக்கொண்டது.

கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை. நான் எதையும் சரி செய்யவில்லை. சரி செய்யாமலே சரியான வண்டி, சொல்லாமலே நின்றுவிடும். அதேபோல் புளியமரத்தைச் சுற்றி வருவதற்குள் இருமியது, நின்றது.

"கொழாயில தூசி கீது, ஊதுடி," என்றார் வீட்டுக்காரர்.

குழாயைக் கழற்றி ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். குழாய் சுத்தம். போட்டிக்கு வந்த வில்லியனூர்க்காரன் ஒருத்தன் தன் வண்டி மேல் சாய்ந்துகொண்டு, "தாலாட்டுப் பாடிப் பாரு, ஆயாவுக்கு அதான் வரும்," என்றான். அப்போது எனக்கு அவனைவிட வயது குறைவு.

"உனக்குத்தாம்பா பாடணும். கொடி விழுந்ததும் நீதான் தூங்கப் போற," என்றேன். வாய் பேசிற்று, மனம் அந்த உஸ் சத்தத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் ஓடுகிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் சாகிறது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டுத் திக்கி நிற்கும். எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால்தான் கொட்டும். எந்த வீட்டுப் பொம்பளைக்கும் தெரியும். டேங்க் மூடியின் நடுவிலும் ஊசி நுழைகிற அளவு அப்படி ஒரு காற்று ஓட்டை உண்டு.

மூடியைப் பார்த்தேன். நடுவில் கட்டியாகச் சந்தனம், அதன்மேல் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். நேற்று வெள்ளிக்கிழமை. பெரியம்மா கோயில் சந்தனம் கொண்டுவந்து வண்டிக்குப் பூசை போட்டிருந்தார். வண்டிக்கு நெற்றி எது என்று யாரையும் கேட்கவில்லை. உச்சியில் இருப்பதுதான் நெற்றி என்று வைத்துவிட்டார். ராத்திரியில் சந்தனம் இறுகி, ஓட்டையை அடைத்துவிட்டது.

சாமி பொட்டு

கொண்டை ஊசியை உருவினேன். வில்வண்டியிலிருந்து குரல் வந்தது.

"தனம், அதுல கைய வெக்காத. கோயில் சந்தனம். போட்டி முடியற வரைக்கும் கலையக் கூடாது."

ஓட்டையைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொல்லலாம். 'என் பொட்டால்தான் வண்டி நின்றது என்கிறாயா' என்று கேட்பார். ஊர் முன்னால் அதற்குப் பதில் சொன்னால் கொட்டாய் கட்டாயம் மாட்டுக்குத்தான். கொடி பிடிக்கிற ஆள் கரைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அதாம்மா எனக்கும் பயமா கீது," என்றேன். "சின்னையா சேத்துல எறங்கப் போறாரு. சேறு தெறிச்சா கோயில் சந்தனம் அசிங்கமாயிடும். அவரு நெத்தியில இருந்தா ஒரு சொட்டுப் படாது. சாமியும் அவரோடயே வரும்."

பெரியம்மா யோசித்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார். "அதுவும் நெசந்தான். சிந்தாம எடு."

சிந்தாமல் மட்டுமா எடுத்தேன், ஓட்டைக்குள் ஊசியை விட்டுக் குடைந்து ஒட்டிய துகள்வரை எடுத்தேன். மூடியை வாயில் வைத்து ஊதினேன், காற்று அந்தப் பக்கம் வந்தது. சந்தனத்தை எச்சில் படாமல் தண்ணீரில் குழைத்துச் சின்னையா நெற்றியில் பட்டையாக அப்பினேன்.

"இன்னா தனம், கல்யாண மாப்பிள்ள மாதிரி பண்ற?"

"கால கீழ வெக்காம போயிட்டு வாங்க. பொண்ணு நாங்க பாக்கறோம்."

வண்டி சேற்றில் இறங்கியது. முட்டி அளவு சேறு. உயரத்தில் இருந்த புகைக்குழாய் படபடவென்று பேசிக்கொண்டே போனது. கருங்கல்லில் குதித்தது. சின்னையா எழுந்து நின்றபடி உடம்பை ஆட்டி ஆட்டிச் சமாளித்தார். கால் படவில்லை. கரைக்குக் கீழே எஞ்சினை அணைத்தார். கொடி விழுந்தது.

பக்கத்தில் நின்ற வில்லியனூர்க்காரன் பதற்றத்தில் குமிழைப் போட்டு அமுக்கி அமுக்கிப் பெட்ரோலில் பிளக்கைக் குளிப்பாட்டிவிட்டான். அவன் உதைத்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வண்டி ஒரே உதையில் பிடித்தது. செங்குத்துக் கரையில் முன்சக்கரம் ஆகாசத்தைப் பார்க்க, மண்ணை வாரி வாரிப் பின்னால் இறைத்துக்கொண்டு உச்சிக்குப் போய் நின்றது. துரை தொப்பியைத் தூக்கி, சபாஷ் என்பதற்கு அவர் பாஷையில், "பியேன், பியேன்" என்றார். என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையாலேயே தட்டப் போய், வலியில் கத்தினார்.

பெரியம்மா பரிசாக வந்த வெள்ளிக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு வாய்க் காப்பிதான் புடிக்கும்," என்றார். அப்புறம் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "எல்லாம் சந்தனத்தோட மகிமை," என்றார்.

"நெசந்தாம்மா," என்றேன். "எடம் மாறினதும் எப்படி வேலை செஞ்சுது பாத்தீங்களா."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தோடு கொட்டாய்க்கு வந்தவரை வண்டிக்கு முன்பக்கம் அழைத்துப் போனேன். "எதிருல வர்றவன் கண்ணுதாம்மா மொதல்ல படும், வௌக்குல வையுங்க," என்றேன். வைத்தார். எங்கள் கொட்டாயில் அதற்கப்புறம் எந்த வண்டிக்கும் பொட்டு விளக்கில்தான். மாட்டை அவர் வேறு இடத்தில் கட்டினார்.

வண்டி வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பிளக்கைத் தொடுவதற்கு முன்னால், கடைசியாக வண்டியைத் தொட்டது யார், எதற்குத் தொட்டார்கள் என்று கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். தொட்டவர் உங்கள் கொட்டாய் இடத்துக்குச் சொந்தக்காரர் என்றால், மீதி வேலையை வாயால் செய்யுங்கள்.