சாமைக் கொல்லையில் குழிநரி

அந்த விவசாயி யாரையும் கேட்காமல் நரி வளைக்குப் புகை போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நெல்லிவாசல்நாட்டில் எதற்கும் மனு வேண்டும் என்று வருடக்கணக்காக மிரட்டி வைத்திருந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துக்கு சர்க்கார் எழுத்தர். ஆகவே அவர் ஒழுங்காக மனுவோடு வந்தார். சாமைக் கொல்லையில் நரி வளை. மூன்று கோழி போய்விட்டது. காய்ந்த மிளகாய் போட்டுப் புகைமூட்ட உத்தரவு வேண்டும்.

நேரில் போகாமலே ஸ்தல அறிக்கை எழுதுவதில் நான் தேர்ந்தவன். அன்று ஜீப் கிடைத்துத் தொலைத்ததால் போனேன்.

மேட்டில் ஐந்தாறு துளைகள். அவர் வேலிமுள்ளை விலக்கிக்கொண்டிருந்தபோது ஒரு துளையைக் குனிந்து பார்த்தேன். வாசலிலேயே கோழி இறகு. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்த் துளையில் ஒரு முகம்! பூனையைவிடச் சற்றே பெரிய குழிநரி. கூர்மூக்கு, கறுப்பு நுனி வால். அதன் காலடியில் நான்கு குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்து உருண்டன. நரிக்கு எதிரான ஒரே சாட்சியான இறகு தானாக என் சட்டைப் பைக்குள் போயிற்று.

அதன்பின் என் சேவைக்காலத்திலேயே அரிய சுறுசுறுப்புடன் தாமதம் செய்தேன். மனுவில் சர்வே எண் இல்லை, திருப்பு. வரைபடம் இல்லை, திருப்பு. எல்லைக்கல் சரிபார்க்க வேண்டும், நேரில் போ. ஒவ்வொரு முறையும் குட்டிகள் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தன. ஆணும் பெண்ணும் முறைபோட்டு இரை கொண்டுவந்தன: வண்டு, ஓணான், ஒருநாள் வாய் நிறைய ஈசல்!

"இன்னா சார், கல்லு பாக்க வர்றீங்களா, குட்டி பாக்க வர்றீங்களா?" என்றார் விவசாயி.

கடைசி முறை போனபோது மேட்டருகே மிளகாயும் சருகும் குவிந்திருந்தன. "மழ வர்றதுக்குள்ள ஏர் பூட்டணும். இன்னிக்கு கையெழுத்து போட்டுத்தான் போவணும்."

திருப்ப என்னிடம் காரணம் மிச்சமில்லை. "பொழுது சாயட்டும், ஒருதடவை பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்றேன். புளியமரத்தடியில் இருவரும் குந்தினோம்.

வெயில் இறங்கியதும் ஆண் நரி வந்தது. வாயில் தடித்த எலி. குட்டிகள் பாய்ந்து பிய்த்தன. சற்று நேரத்தில் பெண் நரி, இன்னொரு எலி. பிறகு ஆண் மறுபடியும்! நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கியேவிட்டேன்.

அவர் குட்டிகள் பிய்த்த எலியையே பார்த்தார். "போன வருசம் பாதி சாமைய இந்த எலிதான் சார் தின்னுட்ச்சு." பிறகு எழுந்தார். "அந்த மூலையையும் உடாம ஓட்டணும்னு இன்னா இருக்குது? மேட்ட உட்டுட்டு ஓட்டிக்கிறேன். கோழிய கூடையில கவுத்து வெக்கிறேன்."

மனுவை வாபஸ் பெறவும் ஒரு மனு வேண்டும். அங்கேயே முழங்காலில் தாள் வைத்து நானே எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என் சட்டையைக் காட்டினார்.

"சார், அன்னிக்கு ஜோபுல வெச்ச எறக இன்னா பண்ணீங்க? அதையும் இதோட இணைக்கணுமா?"

அன்று அவர் வேலிமுள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மனுவின் அடியில் 'இணைப்பு: இல்லை' என்று எழுதினேன்.