இரண்டு மணிக் கட்டம்

ஒன்பது வருஷமாக எனக்கு அந்த சிஸ்டர் மேல் ஒரு கோபம் இருக்கிறது. நர்ஸ்கள் மேல் கோபம் இல்லாத ஆள் ஏது? ஊசி வலித்தது என்பார்கள், கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை என்பார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை என்பார்கள். என் கோபம் வேறு தினுசு. அவருக்காக ஒரே ஒரு பொய் சொல்ல நான் தயாராக நின்றேன். சொல்ல விடவில்லை. இன்றைக்கும் அந்த வார்டு வாசலை உள்ளே பார்க்காமல்தான் தாண்டிப் போகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் வண்டி தள்ளுகிறவன். அடையாள அட்டையில் 'வார்டு உதவியாளர்' என்று இருக்கும். கூப்பிடுவதெல்லாம் 'வண்டி' என்றுதான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அவர் ஆண்கள் வார்டின் பொறுப்பு சிஸ்டர். முப்பத்தெட்டுக் கட்டில் அவர் தலையில். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'எத்தனைமணி'.

"சிஸ்டர், ஏழாம் கட்டில் வாந்தி எடுத்தாரு."

"எத்தனை மணிக்கு?"

"இப்பதான்."

"இப்பங்கறது கடிகாரத்துல எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

அவர் வீட்டுக்காரர் எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருந்தார். மதியம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வாசலில் நிற்பார். "கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சுப்பா. நான் கோவிச்சுக்கிட்டாக்கூட எத்தனை மணியிலேர்ந்துன்னு கேக்குறா" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தத் தூக்கை அந்த அம்மா உட்கார்ந்து திறந்து நான் பார்த்ததில்லை. மருந்து அலமாரியில் சாய்ந்தபடி நாலு வாய், அவ்வளவுதான். கண் மட்டும் கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டிருக்கும்.

போனில் மருந்து சொல்கிற டாக்டர்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார், தானும் ஒருமுறை திருப்பிச் சொல்வார், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும் சொல்வார். "என்ன சிஸ்டர், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு சின்ன டாக்டர் கேட்டார். "உங்க மேல இருக்கு டாக்டர். இந்த போன் மேலதான் இல்ல."

ஒருமுறை ஒரு மரத்தச்சரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வண்டியோடு போனேன். காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டும். அவருடைய அண்ணன் சம்மதக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தச்சருக்கு விஷயமே தெரியாது, ஏதோ கட்டு மாற்றப் போகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார். சிஸ்டர் என் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இவரு முழிச்சுத்தானே இருக்காரு? இவருகிட்ட யாரு சொன்னீங்க?"

"சொன்னா பயந்துடுவான் சிஸ்டர்" என்றார் அண்ணன்.

"பயப்படட்டும். காலு அவரோடதுதானே? டாக்டர் வந்து சொல்லட்டும், இவரு சரின்னு சொல்லட்டும், அப்புறம் வண்டி நகரும்."

முக்கால் மணி நேரம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து என்னைத்தான் திட்டினார்கள். அப்படிப்பட்ட ஆள் அவர். பக்கத்துக் கட்டிலுக்கு என்ன வியாதி என்று கேட்டால்கூட, "அதை அவரையே கேளுங்க" என்று நகர்ந்துவிடுவார். அவரோடு வேலை செய்வது, கால்சட்டைக்குள் எறும்பு விட்டுக்கொண்டு நிற்பதுபோல. ஓரிடத்தில் நிற்க முடியாது.

இனி அந்த நாள்.

இருபத்தொன்றாம் கட்டிலில் ஒரு பழைய பஸ் டிரைவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். திருப்ப இரண்டு பேர் வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று கட்டங்கள். திருப்பியதும் அந்தக் கட்டத்தில் நர்ஸ் கையெழுத்து. மற்ற வார்டுகளில் ஷிப்ட் முடியும்போது எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். இவர் அதைச் செய்ததே இல்லை.

அன்றைக்கு நாலு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். அதில் ஒருத்தி புதுசு, அவளும் நோயாளியோடு ஸ்கேன் அறைக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணி. நான் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிஸ்டர் கையில் பேனா, எதிரே தாள். "ஐயா, இப்ப உங்களை இடது பக்கம் திருப்பப் போறோம்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே, கட்டத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். முதலில் கையெழுத்து, அப்புறம் வேலை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவை.

பேனாவை இன்னும் மூடவில்லை, ஆறாம் கட்டிலில் ஒருவருக்கு வலிப்பு. கூச்சல். சிஸ்டர் ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பி, "துப்புரவு அக்காவைக் கூப்பிட்டுக்கிட்டு நீ திருப்பிடு, நான் வந்து பாக்குறேன்" என்றார்.

எனக்கு நன்றாகக் கேட்டது. துப்புரவு அக்கா வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தாள். நான் தாளைப் பார்த்தேன். கட்டத்தில் கையெழுத்து இருந்தது. எங்கள் உலகத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கை தானாக விரிப்பை விட்டுவிட்டது. எக்ஸ்ரேக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு போனேன், அப்படியே பின்படிக்கட்டில் டீயோடு உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நாலரை.

சிஸ்டர் இருபத்தொன்றாம் கட்டிலில் நின்றிருந்தார். டிரைவர் இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வலது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் சிவப்பு.

"ரெண்டு மணிக்குத் திருப்பினியா?"

"நீங்க சொன்னீங்களா சிஸ்டர்? அந்தச் சத்தத்துல காதுல விழலையே."

அவர் தாளைக் காட்டினார். தாளில் இரண்டு மணிக் கட்டத்துக் கையெழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு ஏற்கெனவே இருந்தது, பழைய கையெழுத்து தெரியும்படி. பக்கத்தில் 'செய்யவில்லை, 4.10' என்று எழுதியிருந்தார். தவறு நடந்தால் எழுதிக் கொடுக்கிற தாளையும் அன்றே அலுவலகத் தட்டில் போட்டார்.

மூன்றாம் நாள் சிவப்பு புண்ணாகி வாய் திறந்தது. ஐந்தாம் நாள் டிரைவரின் மகன் புகார் கொடுத்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் மாலையில் வந்து அப்பாவுக்குத் தானே சவரம் செய்வார், அப்போதுதான் விரிப்பில் கறையைப் பார்த்தாராம். சிஸ்டர் அவரை உட்காரவைத்து, இரண்டு மணிக்குத் திருப்பவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன் என்று நேராகவே சொன்னார். நிர்வாகத்துக்கு அதில்தான் கோபம் தலைக்கேறியது.

விசாரணை வைத்தார்கள். ஒரே கேள்வி. அந்தக் கோடு அன்றைக்கே போட்டதா, புகார் வந்த பிறகு பயந்து போட்டதா? அன்றே போட்டதென்றால் தவறு, கண்டித்து விட்டுவிடுவார்கள். பிறகு போட்டதென்றால் பொய்க் கையெழுத்து, பொறுப்பு போய்விடும். அலுவலகத் தட்டில் போட்ட தாள் உதவவில்லை. அங்கிருந்த குமாஸ்தா குவியல் சேர்ந்த பிறகுதான் முத்திரை குத்துவான், தேதி ஆறு நாள் தள்ளி விழுந்திருந்தது. சாட்சி என்று இருந்தது நான் ஒருவன்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் அவரும்.

"சிஸ்டர், நாலு பத்துக்கு நான் பக்கத்துலதான் நின்னேன், எழுதினதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லிடறேன்."

"நீ அப்ப எங்க இருந்தே?"

"பின்படிக்கட்டுல."

"அப்ப அதைச் சொல்லு."

"அட, நீங்க எழுதினது நெசம்தானே! நாலரைக்கு நானே பாத்தேனே!"

"நாலரைக்குப் பாத்ததை நாலரைக்குப் பாத்தேன்னு சொல்லு. நாலு பத்தை எதுக்கு இழுக்கற? எனக்காக நீ ஒண்ணைச் சேத்துச் சொன்னா, நாளைக்கு யாருக்காகவோ ஒண்ணைக் குறைச்சுச் சொல்லுவே."

உள்ளே மூன்று பேர். நாலரைக்குக் கோட்டைப் பார்த்தேன் என்றேன். "எந்தத் தேதி? எழுதி வச்சிருக்கியா?" என்றார் நடுவில் இருந்தவர். நான் எங்கே எழுதினேன்? "அவங்க எழுதறதைப் பாத்தியா? ஆமாவா, இல்லையா?" இல்லை என்றேன். போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மணிக்கு சிஸ்டர் என்னிடம் சொன்ன சொல் என் காதில் விழுந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். பின்கட்டிடத்தில் துணி, பஞ்சைக் கிருமி போக அவிக்கிற அறைக்கு மாற்றினார்கள். நோயாளி முகமே பார்க்க முடியாத வேலை. வார்டை ஒப்படைக்க வந்த அன்று ஆபத்தான மருந்துகளின் அலமாரியைப் புது சிஸ்டரோடு சேர்ந்து ஒவ்வொரு குப்பியாகச் சரிபார்த்து, சாவியைக் கொடுத்தார். அழவில்லை. ஆனால் வெறும் கை சும்மா இருக்க முடியாமல் சாவி இருந்த சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இருபத்தொன்றாம் கட்டில் பக்கம் போகவே இல்லை. இனி அந்த உடம்பைத் தொட அவருக்கு உரிமை கிடையாது.

லிப்ட் வாசலில் என் வண்டியை நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் காதுல விழுந்துச்சுதானே?"

நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தேன்.

"காதுல விழலைன்னு நீ சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். நீ சொன்னதா எழுதினேன், நான் பாத்ததா எழுதல. வேலையை உங்கிட்டச் சொன்னேன், ஆனா அது நடந்துச்சான்னு பாக்கவேண்டியவ நான். அதுக்கு எனக்குக் கிடைச்சது சரிதான். உன் பங்கை நான் சொல்ல முடியாது."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க சிஸ்டர்? உத்தியோகம் போயிடுமே!"

"போனாலும் போகும். போகாதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

லிப்ட் வந்தது. ஏறிக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அந்த வாத்தியார் சாயங்காலம் வருவாரு, அப்பாவுக்குச் சவரம் பண்ண. பண்ணி முடிக்கட்டும், கையில கத்தி இருக்கறப்ப வேணாம். அப்புறம் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நீயே உன் வாயால அவருகிட்டச் சொல்லு."