அக்காவுக்கு வராத சர்க்கரை நோய்: தாராவியிலிருந்து செம்பூர் வரை

போன ஜூலை மாதம் மும்பைக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்தேன். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் வழக்கமாக அருவி, அணைக்கட்டு, மலைக்கோயில் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரி, பரிசோதனை நிலையம், ஒரு மொத்த வியாபாரியின் கடை. வைத்தியத்துக்காக மும்பைக்குப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன். அங்கங்கே எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியும் கோபம் ஆறவில்லை.

என் அக்கா பேச்சியம்மாள் கல்யாணமாகித் தாராவிக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சோறு வடித்துக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று அத்தான் போன் செய்தார். கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியிருக்கிறது. "சுகர் ஏறிப்போச்சாம். மாத்திரைய கூட்டிக் குடுத்திருக்காவ. நீ வந்து ரெண்டு நாள் கூட இருந்தா நல்லது" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அக்காவுக்கு மட்டும் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டேதான் ரயில் ஏறினேன்.

திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு நேரடி ரயில் உண்டு. ஆனால் தினமும் கிடையாது, கிழமை பார்த்துப் பதிவு செய்யுங்கள். படுக்கை வகுப்புக்கு எண்ணூற்றுச் சொச்சம். காலையில் ஏறினால் மறுநாள் சாயங்காலம் தாதர். கடைசி நிலையம் வரை போக வேண்டாம். தாதரில் இறங்கி, உள்ளூர் ரயிலில் ஐந்து ரூபாய்ச் சீட்டு எடுத்து, மாட்டுங்கா தாண்டி சயானில் இறங்கினால் தாராவி நடக்கிற தூரம்தான். பெரிய பெட்டி இருந்தால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள். சாயங்கால நேரத்தில் அந்த ரயிலில் ஏறுவதே ஒரு சண்டை.

அக்கா வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் இரும்பு ஏணி. மேலே வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது. கொலுசின் வளையங்களைக் கோத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பொடி வைத்து, தீ ஊதி ஒட்ட வேண்டும். அத்தான் சங்கரலிங்கம் அதைத்தான் செய்கிறார். அக்காவும் செய்கிறாள், கல்யாணமான மறு வருஷத்திலிருந்து. தீ பட்டதும் பொடியிலிருந்து பழுப்பு மஞ்சளாக ஒரு புகை எழும்பும். அந்த அறைக் கூரைத் தகரத்தின் நிறமே அதுதான். ஜன்னல் இல்லை. கீழே வந்து அதே கையோடு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறுவார்கள்.

அக்கா பாதி ஆளாகிவிட்டாள். "எலும்பெல்லாம் குடையுதுட்டி. வலி மாத்திரை போட்டாத்தான் ஏணியில ஏற முடியுது" என்றாள். சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தி மட்டும் சாப்பிடுகிறாள். எட்டு மாதமாகச் சர்க்கரை மாத்திரை, காலையிலும் ராத்திரியிலும். அதைப் போட்டால் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. தெருமுனை டாக்டரிடம் அதைச் சொன்னபோது, பயப்படாதே, பழகிவிடும் என்றாராம்.

ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று அத்தானிடம் கேட்டேன். "ரத்தம் எங்க எடுத்தாவ? மூத்திரத்துலதான் சுகர் இருக்குன்னாவ" என்றார்.

மாட்டுங்காவில் ஒரு நல்ல பரிசோதனை நிலையம் இருப்பதாக என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அக்காவை வெறும் வயிற்றோடு அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சயானிலிருந்து ஒரே ஒரு நிலையம். (ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட அங்கே கடைக்குப் பஞ்சமில்லை. இட்லி நம்மூர் இட்லிதான், சாம்பார்தான் கொஞ்சம் இனிக்கும்.) சாயங்காலம் முடிவு வந்தது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது, இன்னும் சொன்னால் கொஞ்சம் குறைவாகவே. மூன்று மாதச் சராசரியும் சரி. சிறுநீரில் மட்டும் சர்க்கரை கொட்டுகிறது.

சர்க்கரை நோயே இல்லாத ஒருத்திக்கு எட்டு மாதம் சர்க்கரை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பட்டினி போட்டிருக்கிறார்கள். அவள் மயங்கி விழுந்ததும் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

பரிசோதனை நிலையத்தில் இருந்தவரே செம்பூரில் ஒரு சிறுநீரக டாக்டரைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தாராவியிலிருந்து செம்பூர் ஆறு கிலோமீட்டர் இருக்கும். நாற்பது நிமிஷத்தில் போய்விடலாம் என்று நினைத்தோம். சயானில் நின்ற ஆட்டோக்காரர் தலையை ஆட்டினார். "ஆகே பானி பரா ஹை, பெஹன்." முன்னால் தண்ணீர் நிற்கிறதாம். அக்காவின் கால் கட்டைப் பார்த்துவிட்டு, "சலோ, பைட்டோ" என்று அவரே ஏற்றிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. மழைக்காலத்தில் மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். முடிவுகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "நீங்க என்ன வேலை பண்றேள்?"

"வீட்டுலதான் இருக்கேன்" என்றாள் அக்கா.

"வீட்டுல இருந்துண்டு என்ன பண்றேள்?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கொலுசு, பொடி, தீ, புகை எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்திருக்கிறாள். ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சேலை கட்டிய பெண் வந்தால் அவள் வீட்டில் சும்மா இருக்கிறவள். அப்படித்தானே நினைப்பு?

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "பாருங்கோ, கிட்னி வடிகட்டறதுன்னு எல்லாரும் சொல்லுவா. வடிகட்டினா மட்டும் போறாது. உடம்புக்கு வேண்டிய சர்க்கரை, சின்னச் சின்னப் புரோட்டீன், எலும்புக்கு வேண்டிய சத்து, எல்லாத்தையும் திரும்ப உள்ளே எடுத்துக்கணும். அப்படி எடுத்துக்கற குழாய் உங்களுக்குப் பழுதாயிருக்கு. அதான் சர்க்கரை வெளியில போறது, எலும்பு குடையறது. அந்தப் பொடியில காட்மியம் இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

காட்மியம் என்றதும் எனக்கு விளங்கவில்லை. "கேடிஎம் நகைன்னு கேட்டிருப்பேளே, அந்தக் கேடிஎம்" என்றார்.

கேடிஎம் நகை என்று நாம் எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்! அது தரத்தின் பெயர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒட்டுகிறவன் மூச்சில் ஏறுகிற உலோகத்தின் பெயர் அது. தங்கத்துக்கு முத்திரை கொடுக்கும்போது இப்போது அதை ஒதுக்கிவிட்டார்களாம். தாராவியில் ஏணி மேல் நடக்கிற வெள்ளி வேலையை யார் வந்து பார்க்கிறார்கள்?

"நிறைய இழுத்தா அன்னிக்கே நெஞ்சை அடைச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா. இது துளித்துளியா தினம் உள்ளே போறது. கிட்னியில போய் உக்காந்துண்டா இருபது முப்பது வருஷம் நகராது. கிட்னி சரியா இருக்கான்னு ரத்தத்துல பாக்கற சாதாரண டெஸ்ட்ல, அந்தக் கிரியாட்டினின் ரொம்ப நாள் நார்மலாவே இருக்கும், ஒண்ணும் தெரியாது" என்றார் டாக்டரம்மா. ரத்தசோகை இருந்தால் குடல் அதை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். அக்காவுக்கு ரத்தசோகை எப்போதும் உண்டு.

சர்க்கரை மாத்திரையை அன்றே நிறுத்தினார். வலி மாத்திரையையும் தொடக்கூடாது, அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். காட்மியத்துக்கான சிறுநீர்ப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடையாது. மாதிரியை வெளியே அனுப்பிப் பார்க்கிறார்கள்; எங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது, முடிவு வர ஐந்து நாள். கூடவே அத்தானுக்கும் எடுக்கச் சொன்னார். "நான் நல்லாத்தான இருக்கேன்?" என்று, எங்களோடு வந்திருந்த அத்தான் முறைத்தார். அவர் பீடி குடிக்கிறவர். அதிலும் காட்மியம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் மாதிரி கொடுக்கப் போனார்.

இருவருக்குமே அளவு கூடுதலாக இருந்தது. "இது மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வேலையை நிறுத்தாம நான் என்ன மருந்து கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. உள்ளே போனதை வெளியே எடுக்க நல்ல மருந்து கிடையாது" என்றார் டாக்டரம்மா. அக்கா அழவில்லை. "அப்ப போனது போனதுதானா?" என்று மட்டும் கேட்டாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா மேல் அறையில் மிச்சமிருந்த பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வேலையும் பொடியும் கொடுக்கிற வியாபாரியின் கடைக்கு நேராக நடந்தாள். அத்தான், "சும்மா இரு, நாளைக்கு வேலை குடுக்க மாட்டாவ" என்று பின்னாலேயே வந்தார். வியாபாரியும் நம்ம பக்கத்துக்காரர்தான். எல்லோருக்கும் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, நீங்க குடுக்க பொடியில காட்மியம் இருக்கா?"

"இருக்கும்மா. அதான் லேசுல உருகுது, வேலை சட்டுன்னு முடியுது."

"அது இல்லாத பொடி கிடையாதா?"

"கிடைக்கும். வெல கூட, சூடும் கூட வேணும். வெளிநாட்டுக்குப் போற சரக்குக்கு அதத்தான் கேக்கான். அதுக்குத் தனியா குடுத்துச் செய்யுதோம்."

எங்கோ ஒரு தேசத்தில் கொலுசு போடுகிறவளின் கணுக்காலுக்கு அந்த விஷம் ஆகாது. இங்கே அதை ஊதி ஒட்டுகிறவளின் சிறுநீரகத்துக்கு ஆகும்!

"அப்ப தெரிஞ்சேதான் குடுத்திருக்கீய" என்றாள் அக்கா.

"ஜன்னலத் தொறந்து வச்சுச் செய்யணும்னு சொல்லித்தானம்மா குடுக்கேன்."

"எங்க வீட்டு மேல ஜன்னல் எங்க இருக்கு? ஒரு நாளாவது வந்து பாத்திருக்கீயளா?"

அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கையிலிருந்த பொடிப் பொட்டலத்தை அக்கா மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அத்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு அவரும் வந்துவிட்டார்.

இப்போது அத்தான் தேவ்நார் பக்கம் ஒரு பட்டறைக்குப் போகிறார். அங்கே காட்மியம் இல்லாத பொடி, புகையை இழுக்கிற விசிறி எல்லாம் உண்டு; கையில் கிடைக்கிற கூலிதான் முன்னைவிடக் குறைவு. அக்கா மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறாள், மயக்கம் இல்லை. சிறுநீரில் சர்க்கரை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எலும்பு வலி கொஞ்சம் தேவலை. நான் ஊருக்குக் கிளம்புமுன் மேல் அறையை, டாக்டரம்மா சொன்னபடி தூசி பறக்கப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். துணியில் மஞ்சள் வந்துகொண்டே இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சிறுநீரில் சர்க்கரை என்றால் ரத்தத்தையும் பார்க்காமல் மாத்திரை வாங்காதீர்கள். நகைப் பொடி, பழைய பேட்டரி, சாயப்பொடி, வெல்டிங் வேலை எதுவானாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் வைத்துச் செய்தாலும் அது வேலைதான். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று யாராவது அனுப்பிவைத்தால், சிறு புரதங்கள் கசிகிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கிற சாதாரணச் சோதனையில் அது பெரும்பாலும் தெரியாது. டாக்டர்கள் கொடுத்த பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள், மும்பை மழை எதையும் விடாது.

அக்காவின் சந்தில் இன்னும் நான்கு வீடுகளில் இந்த வேலை நடந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மூன்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான்காவது வீட்டுச் செல்வராணி, "எனக்கு ஒண்ணும் செய்யலயேக்கா. வேற வேலைக்கு யாரு வழி சொல்லுதா?" என்று கேட்டாளாம். அவளுடைய பிள்ளை அந்தத் தரையில்தான் தவழ்கிறது. வருகிற சனிக்கிழமை அவளைச் செம்பூருக்கு இழுத்துக்கொண்டாவது போகப்போவதாக நேற்று அக்கா போனில் சொன்னாள். இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த வேண்டியவர்கள் செல்வராணிகள் இல்லை. பொடியை எடைபோட்டுக் கொடுக்கிறவர்களும், அதைப் பார்த்தும் பார்க்காமல் போகிறவர்களும்தான். அவர்களுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஏற்கெனவே தெரியும்.