திருமயத்துக்கு நண்டு ஏற்றிப் போன கார்

காலை ஆறு மணிக்கு மணமேல்குடியில் இருந்து கிளம்பினோம். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீடு. காதுகுத்து விருந்துக்கு இருபது கிலோ நண்டு கேட்டிருந்தார்கள். அங்கிருந்து எங்களுக்கு முதல் ஆர்டர். சமையல் மாஸ்டர் போனில் ஒன்றுதான் சொன்னார்.

"உசுரோட வந்தா எடுக்குறேன். செத்த நண்டு வெந்தா சதை கூழாப் போயிரும். பத்து மணிக்குள்ள வந்துருங்க."

கார் பழைய பெட்ரோல் கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஈரச் சாக்கு மூடிய நண்டுப் பெட்டிகளை அடுக்குவேன். ஓட்டுவது நான். பக்கத்தில் என் வீட்டுக்காரர், கடலில் நண்டு பிடிப்பவர். ஆடுகிற போட்டில் உட்கார்ந்து சோறு தின்பார். காரில் ஏறினால் வாந்தி எடுப்பார். மடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும்.

ஊர் தாண்டும்வரை மெதுவாகப் போனோம். பிறகு ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கருவை முள்ளுக் காடு. அறுபதைத் தொட மிதித்தேன். கார் உதறியது. ஸ்டியரிங், சீட்டு, கண்ணாடி எல்லாம் ஆடின. காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், உதறியது. பின்னால் நண்டுகள் சாக்கைச் சுரண்டின.

"என்ன ராணி, குளிர் காச்சல் வந்த மாதிரி நடுங்குது?"

"பெட்ரோலா இருக்கும்."

"நேத்தும் இதே பெட்ரோல்தான?"

அது சரிதான். பிரேக் அடித்துப் பார்த்தேன், ஆடவில்லை. ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு நன்றாக மிதித்தேன். எஞ்சின் சுத்தமாக உறுமியது. நடுக்கம் இல்லை. அப்படியென்றால் கோளாறு எஞ்சினில் இல்லை.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "போட்டுக்கு அடியில சுத்துற காத்தாடியில வலை சிக்குனா இப்புடித்தான் உதறும். வேகம் குடுத்தா ஆடும், விட்டா நிக்கும். அடியிலதான் ஏதோ இருக்கு."

நாற்பதுக்கு மேல் போகாமல் அறந்தாங்கிக்கு வந்தோம். முப்பது சொச்சம் கிலோமீட்டர். மணி ஏழே கால். ரோட்டோரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் அப்போதுதான் திறந்தது. மெக்கானிக் பெயர் பாஸ்கர். கார் உதறுவதைச் சொன்னேன்.

"பிளக்கும் காயிலும் மாத்தணும்க்கா. விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்."

"நியூட்ரல்ல மிதிக்கிறேன், கேளுங்க."

கேட்டார். தலையை ஆட்டினார். "அப்ப கீழ பாப்போம்." ஜாக்கியை எடுத்தார்.

நண்டுப் பெட்டிகளை வேப்ப மர நிழலில் இறக்கினோம். பாஸ்கர் உதவியாகத் தண்ணீர் ஹோஸை நீட்டினார். வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நல்ல தண்ணி ஊத்தாதீங்க தம்பி, செத்துரும்." கேனில் கொண்டு வந்த கடல் தண்ணீரைச் சாக்கில் தெளித்தார்.

காருக்கு அடியில் பார்த்தோம். கியர் பெட்டியில் இருந்து சக்கரத்துக்குப் போகிற ஆக்சில். அதன் உள் பக்கத்து மூட்டை மூடிய ரப்பர் உறை கிழிந்திருந்தது. சுற்றிலும் கிரீஸ் தெறித்துக் கிடந்தது. உறையில் விரல் நீளக் கருவை முள் ஒன்று குத்தி நின்றது. பாஸ்கர் மிச்ச கிரீஸை விரலில் தேய்த்தார். நறநறவென்றது. கடற்கரை மணல்.

"காரை எங்கிட்டுக்கா விட்டீங்க?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார். போன மாதம் பெட்டி தூக்க முடியவில்லை என்று, கருவைக்குள் புகுந்து கரைவரை காரைக் கொண்டுவரச் சொன்னவர் அவர்தான்.

"ஆக்சில் மாத்தணும். புதுக்கோட்டையிலதான் கெடைக்கும். கடை பத்து மணிக்கு மேல."

பத்து மணி எனக்கு ஆகாது. "திருமயம் வரைக்கும் தாங்குற மாதிரி பண்ணுங்க. மிதிக்காமப் போறேன்."

முடிந்தவரை மணலைத் துடைத்து, புது கிரீஸை அடைத்தார். கிழிசல்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றினார். கட்டு நிற்கவில்லை. வழுக்கியது.

"தள்ளுங்க தம்பி." வீட்டுக்காரர் படுத்து உள்ளே போனார். இடுப்பில் இருந்த நைலான் நூலை எடுத்து வலை முடிச்சாகப் போட்டார்.

"மாமா, நாளைக்கே வேலைக்கு வந்துருங்க," என்றார் பாஸ்கர். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

எட்டே காலுக்குப் புறப்பட்டோம். அரிமளம் வழி. நாற்பது கிலோமீட்டர் இருக்கும். எங்கள் பக்கத்து வெளுத்த மண் போய்ச் செம்மண் வந்தது. தைல மரங்கள் வரிசையாக நின்றன. காலைப் பூப்போல வைத்து ஓட்டினேன். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. மேட்டில் மட்டும் லேசாக உதறியது. வீட்டுக்காரர் சுரண்டல் சத்தம் கேட்கிறதா என்று பின்னால் காதை வைத்திருந்தார். திருமயம் கோட்டை தெரிந்தபோது மணி ஒன்பதரை.

விருந்து வீட்டில் மாஸ்டர் சாக்கை விலக்கி ஒரு நண்டைத் தொட்டார். அது அவர் விரலைக் கவ்வியது. விடவில்லை.

"போதும்மா, உசுரு இருக்கு," என்றார். செத்தது மூன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது கிலோ சொன்னார்.

அங்கிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர். பழைய ஆக்சில், ஆனால் நல்லது, இரண்டாயிரத்து எண்ணூறு. மாட்டக் கூலி அறுநூறு. பிறகு ஓட்டிப் பார்க்கத் திருச்சி ரோட்டில் எண்பதுவரை மிதித்தேன். கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் ஆடாமல் தெரிந்தது.

சாயங்காலம் ஊர் வந்தோம். விருந்து வீட்டில் சமையல் கொட்டகை வாசல்வரை தார் ரோடு இருந்தது. எங்கள் கரைக்கு இல்லை. கருவைக்குள் போகிற தடம் பிரியும் இடத்தில், தாரிலேயே காரை நிறுத்தினேன்.

"உள்ள விடலையா?"

"இல்ல."

"ஞாயித்துக்கெழம முப்பது கிலோ. இவ்ளோ தூரம் நானா தூக்குறது?"

"ரெண்டு பேருந்தான்."

அவர் மடியில் இருந்த பையைப் பார்த்தார். இன்று காலியாகவே இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஒரு பெட்டியை அவர் எடுத்தார். இன்னொன்றை நான் எடுத்தேன்.