வலிக்காத வீக்கம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். முப்பது வயதுக்குள் திருவண்ணாமலையில் சொந்தமாகச் சோடா கம்பெனி வைத்தேன். தீபத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி என் சோடாவைக் குடித்துவிட்டுத்தான் மலையைச் சுற்றியது. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

1950களின் கடைசியில் என் மனைவிக்கு வலது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம் வந்தது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள் தெருவில். அதற்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் இரவல் சங்கிலி வாங்கிப் போடுவார்கள். நான் மூன்று பவுனில் புதிதாகவே செய்து போட்டேன். வற்றவில்லை. சங்கிலி கனம் போதவில்லை என்று ஐந்து பவுனில் இன்னொன்று செய்தேன்.

"வலிக்கவே இல்லீங்க. இதுக்குப் போயி இவ்ளோவா?" என்றாள்.

"வலிக்காத வரைக்கும் நல்லதுதான, போட்டுக்கோ" என்றேன்.

அப்படியே எட்டு மாதம் போயிற்று.

கட்டி எலுமிச்சை அளவாகிக் கல் மாதிரி இறுகிய பிறகுதான் மெட்ராசுக்குக் கூட்டிப் போனேன். பெரிய டாக்டர் விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். எச்சில் சுரப்பியில் புற்றுநோய், அபூர்வமாகத்தான் வரும் என்றார்.

"முகத்து நரம்பு கட்டிக்குள்ளயே ஓடுது. அதையும் சேத்துத்தான் எடுக்கணும். அப்புறம் வலது பக்கம் அசையாது. எடுக்கலேன்னா உயிருக்கே ஆபத்து."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிரிக்க முடியுமாங்க?"

"ஒரு பக்கமாத்தாம்மா வரும்."

ஆபரேஷன் அன்று காலை வார்டில் காத்திருந்தோம். அவள் சிரிப்பை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. சிரி என்று கேட்க நா எழவில்லை. பழகிய பேச்சுதான் வந்தது.

"பாத்தியா, நமக்கு வந்த நோய்கூட சாதாரண நோய் இல்ல. அவ்ளோ பெரிய டாக்டரே புஸ்தகத்தப் பொரட்டிட்டுத்தான் பேரு சொன்னாரு."

"இதுலயும் பெருமையா! ஒங்கள இன்னா பண்றது?" என்று சிரித்தாள். இரண்டு கன்னமும் குழிந்து, கண் இடுங்கி, அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

கட்டியை எடுத்தார்கள். அப்புறம் ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம். வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோய், ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் தண்ணீர் குடித்தாள். ஆனாலும் பதினோரு வருஷம் இருந்தாள். டாக்டரே அசந்துபோனார்.

சிரிப்பு வந்தால் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

"என்கிட்ட இன்னா வெக்கம்?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரில பாத்தீங்களே, அதையே நெனப்புல வச்சிக்கோங்க. இது வேணாம்."

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்த வயதில் மனசு கேட்பது அந்த முந்தானைக்குப் பின்னால் இருந்த கோணல் சிரிப்பை. பதினோரு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் ஒருநாள்கூட அதைப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கலாம். திட்டியிருப்பாள், அவ்வளவுதானே.